வேர்ட்பிரஸ் தளம் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

ஹோஸ்டிங் வாங்கி, அதன் நிர்வாகப் பக்கமான சிபேனலில் ஒரே கிளிக்கில் வேர்ட்பிரஸ் நிறுவி, ஒரு தீமும் ஏழெட்டு ப்ளக்இன்களும் போட்டு முதல் தளத்தைக் கட்டியவர்களுக்கான குறிப்பு இது. நேற்றுவரை ஓடிய தளம் இன்று காலை வெள்ளைத் திரையாக நின்றால், புதியவர்கள் பலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவத் தொடங்குகிறார்கள். அதற்கு அவசியம் வருவது மிக அபூர்வம். திரையில் என்ன தெரிகிறது என்பதை நிதானமாகப் படித்தாலே பழுது எந்தப் பக்கம் என்று முக்கால்வாசி தெரிந்துவிடும்.

வேர்ட்பிரஸ் தளத்துக்கு இரண்டு பாகம் உண்டு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுகள், பக்கங்கள், பயனர்கள், அமைப்புகள் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கின்றன. தீம், ப்ளக்இன், படங்கள் ஆகியவை 'டபிள்யூபி-கன்டென்ட்' என்ற போல்டரில் கோப்புகளாக இருக்கின்றன. அதனால்தான் ஒரு ப்ளக்இன் போல்டரின் பெயரை மாற்றினால் உங்கள் பதிவு ஒன்றுகூடக் காணாமல் போகாது. ஆனால் டேட்டாபேஸில் தெரியாமல் கை வைத்தால் போய்விடும்.

கீழே சொல்வதெல்லாம் சொந்த ஹோஸ்டிங்கில் நிறுவிய வேர்ட்பிரஸுக்கு. வேர்ட்பிரஸ் டாட் காம் இலவசக் கணக்கில் கோப்புகளைத் தொட வழியில்லை.

கை வைப்பதற்கு முன்

பேக்அப் என்றால் இரண்டையும் எடுப்பது. சிபேனலில், டேட்டாபேஸைப் பார்க்கும் கருவியான பிஎச்பிமைஅட்மின் திறந்து, உங்கள் டேட்டாபேஸைத் தேர்ந்து, எக்ஸ்போர்ட் → க்விக் கொடுத்தால் ஓர் எஸ்க்யூஎல் கோப்பு இறங்கும். பிறகு ஃபைல் மேனேஜரில் 'டபிள்யூபி-கன்டென்ட்' போல்டரை ஜிப் ஆக்கி இறக்குங்கள். 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்பையும் சேர்த்து எடுங்கள். இந்தக் கோப்பில்தான் டேட்டாபேஸின் பெயரும் பாஸ்வேர்டும் உள்ளன. பேக்அப்பை அதே சர்வரில் விட்டுவைத்தால், சர்வர் போகும்போது அதுவும் கூடவே போகும்.

அடுத்து, கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். ப்ளக்இன் அப்டேட்டா, தீம் மாற்றமா, டொமைன் அமைப்பா? பத்தில் எட்டுப் பழுது அங்கேதான் கிடக்கும். நீங்கள் எதையும் தொடவில்லை என்றால், தானியங்கி அப்டேட் நடந்திருக்கலாம், வேர்ட்பிரஸை ஓட்டும் நிரல்மொழியான பிஎச்பியின் பதிப்பை ஹோஸ்டிங்காரர் உயர்த்தியிருக்கலாம், டொமைனோ, தளத்துக்கு எச்டிடிபிஎஸ் தரும் எஸ்எஸ்எல் சான்றிதழோ காலாவதி ஆகியிருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி, தளம் வந்துவிட்டால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

வெள்ளைத் திரை, அல்லது 'தேர் ஹேஸ் பீன் எ கிரிட்டிக்கல் எர்ரர்'

இரண்டும் ஒரே நோய். பிஎச்பி நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் செத்து நின்றுவிட்டது. 2019இல் வந்த 5.2 பதிப்புக்கு முன்பு வெறும் வெள்ளையாக இருக்கும். அதற்குப் பிறகு இந்தச் செய்தி வருகிறது. கூடவே நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு மீட்பு இணைப்பையும் வேர்ட்பிரஸ் அனுப்புகிறது. எந்த ப்ளக்இன் அல்லது தீம் காரணம் என்று அந்தக் கடிதத்திலேயே பெயர் போட்டிருக்கும். இணைப்பை ஒரு நாளுக்குள் கிளிக் செய்தால், பழுதான ப்ளக்இன்னை உங்களுக்கு மட்டும் நிறுத்திவைத்து டாஷ்போர்டுக்குள் விடும். ஸ்பாம் போல்டரையும் பாருங்கள்.

கடிதம் வரவே இல்லையா? பல ஹோஸ்டிங்குகளில் வராது; ஏன் என்று மின்னஞ்சல் பகுதியில் சொல்லியிருக்கிறது. அப்போது கையால் செய்ய வேண்டியதுதான்.

ஃபைல் மேனேஜரில் 'டபிள்யூபி-கன்டென்ட்' போல்டருக்குள் போங்கள். 'ப்ளக்இன்ஸ்' போல்டரின் பெயருக்குப் பின்னால் 'ஓல்ட்' என்று எதையாவது ஒட்டிப் பெயரை மாற்றுங்கள். தளம் திரும்பி வந்தால், குற்றவாளி ப்ளக்இன்களில் ஒன்று. இங்கே ஒரு படியைப் பலர் தவறவிடுகிறார்கள்: போல்டரின் பெயரைத் திரும்ப மாற்றும் முன், டாஷ்போர்டில் நுழைந்து ப்ளக்இன்ஸ் பக்கத்தை ஒருமுறை திறக்க வேண்டும். கோப்புகள் இல்லை என்று பார்த்து அந்தப் பக்கம்தான் எல்லாவற்றையும் செயலிழக்கச் செய்கிறது. அதைத் திறக்காமல் பெயரைப் பழையபடி வைத்தால், எல்லா ப்ளக்இன்களும் ஓடிக்கொண்டிருந்தபடியே திரும்பி வரும், பழுதும் கூடவே வரும். பக்கத்தைத் திறந்தபின் பெயரை மீட்டு, ஒவ்வொன்றாக ஆக்டிவேட் செய்து, ஒவ்வொரு முறையும் தளத்தை ஒரு பார்வை பாருங்கள். அமைப்புகள் டேட்டாபேஸில் இருப்பதால் எதையும் மறுபடி நிரப்ப வேண்டியதில்லை.

ப்ளக்இன்களை நிறுத்தியும் வெள்ளைதான் என்றால் தீமைச் சந்தேகியுங்கள். 'தீம்ஸ்' போல்டருக்குள் உங்கள் தீமின் பெயரை மாற்றிவிட்டு, டாஷ்போர்டில் அப்பியரன்ஸ் → தீம்ஸ் பக்கத்துக்குப் போனால் வேர்ட்பிரஸ் தன் இயல்பு தீமுக்குத் தாவும். அதற்கு, 'ட்வென்டி ட்வென்டி' வரிசைத் தீம்களில் சமீபத்தியது ஒன்று அங்கே இருக்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று எல்லா இயல்புத் தீம்களையும் அழித்தவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்றையாவது விட்டுவையுங்கள்.

ஊகிக்காமல் நேராகக் காரணத்தைப் படிக்கவும் வழி உண்டு. 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்பைத் திறந்தால் 'டபிள்யூபி_டீபக்' என்ற வரி ஃபால்ஸ் என்று இருக்கும். அதை ட்ரூ ஆக்கி, அதே வடிவத்தில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: 'டபிள்யூபி_டீபக்_லாக்' ட்ரூ, 'டபிள்யூபி_டீபக்_டிஸ்ப்ளே' ஃபால்ஸ். மூன்றும் 'தட்ஸ் ஆல், ஸ்டாப் எடிட்டிங்' என்ற குறிப்பு வரிக்கு மேலே வர வேண்டும். அதற்குக் கீழே வேர்ட்பிரஸ் கிளம்பிவிடுவதால், அங்கே போடும் வரி காலம் கடந்தது. இப்போது தளத்தை ஒருமுறை திறந்தால் 'டபிள்யூபி-கன்டென்ட்' போல்டருக்குள் 'டீபக்' என்ற லாக் கோப்பு உருவாகும். அதில் 'ஃபேட்டல் எர்ரர்' என்று உள்ள கடைசி வரியைத் தேடுங்கள். கோப்பின் நீண்ட பாதை ஒன்று இருக்கும். அதில் 'ப்ளக்இன்ஸ்' என்ற சொல்லுக்கு அடுத்து எந்தப் பெயர் வருகிறதோ, அதுதான் ஆள். நோட்டீஸ், வார்னிங், டெப்ரிகேட்டட் என்று வரும் நூறு வரிகளையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

வேலை முடிந்ததும் ட்ரூவை ஃபால்ஸ் ஆக்கி, லாக் கோப்பையும் அழித்துவிடுங்கள். முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் அதை பிரவுசரில் திறந்து படிக்க முடியும்.

அந்த வரியில் 'அலவ்ட் மெமரி சைஸ் ஆஃப் 134217728 பைட்ஸ் எக்ஸாஸ்டட்' என்று வந்தால், பிஎச்பிக்குக் கொடுத்த 128 எம்பி நினைவகம் போதவில்லை என்று பொருள். 268435456 என்றால் 256 எம்பி. 'டபிள்யூபி_மெமரி_லிமிட்' என்ற வரியை '256எம்' மதிப்புடன் 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்பில் சேர்க்கலாம். ஹோஸ்டிங்காரர் அதற்குக் கீழே உச்சவரம்பு வைத்திருந்தால் இது பலிக்காது. சிபேனலின் மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டரில் மெமரி லிமிட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் 256 எம்பியும் போதவில்லை என்று ஒரு சாதாரண வலைப்பூ கேட்டால் ஏதோ ஒரு ப்ளக்இன் விழுங்குகிறது. 512 கொடுத்து அதை மூடி மறைக்காதீர்கள்.

பிஎச்பி 7.4இலிருந்து 8க்கு ஹோஸ்டிங்காரர் மாற்றிய மறுநாள் பழைய ப்ளக்இன்கள் சாவது வாடிக்கை. 8இல் சில பழைய ஃபங்க்‌ஷன்கள் அடியோடு நீக்கப்பட்டுவிட்டன. மல்டிபிஎச்பி மேனேஜரில் பதிப்பைத் தற்காலிகமாக இறக்கினால் தளம் எழும். அதற்குள் அந்த ப்ளக்இன்னைப் புதுப்பியுங்கள் அல்லது மாற்றுங்கள்.

இன்னொரு காரணம் சிரிப்பாக இருக்கும், ஆனால் நிறையப் பேரைச் சாய்த்திருக்கிறது: எங்கோ கண்ட நிரல் வரியைக் காப்பி செய்து ஒட்டும்போது நேர் மேற்கோள் குறிக்குப் பதிலாக வளைந்த மேற்கோள் குறி வந்துவிடும். பார்ப்பதற்கு வித்தியாசமே தெரியாது, பிஎச்பிக்கு மட்டும் தெரியும். ஒட்டிய வரியில் மேற்கோள் குறிகளை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

'எர்ரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்‌ஷன்'

கோப்புகள் நலம், டேட்டாபேஸின் கதவு திறக்கவில்லை. புதிதாக நிறுவும்போதோ தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றும்போதோ வந்தால், 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்பில் உள்ள நான்கு மதிப்புகளைச் சரிபாருங்கள்: டேட்டாபேஸ் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஹோஸ்ட். ஹோஸ்ட் பெரும்பாலும் 'லோக்கல்ஹோஸ்ட்' தான். சிபேனலில் நீங்கள் 'பிளாக்' என்று டேட்டாபேஸ் உருவாக்கினால், அது உங்கள் கணக்கின் பெயரையும் ஓர் அடிக்கோட்டையும் முன்னால் ஒட்டித்தான் பெயர் வைக்கும். பயனர் பெயருக்கும் அப்படியே. அந்த முன்னொட்டை விட்டுவிட்டு எழுதுவதுதான் முதல் காரணம். இரண்டாவது, பயனரை உருவாக்கிவிட்டு டேட்டாபேஸோடு சேர்க்க மறப்பது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேசஸ் பக்கத்தின் அடியில் 'ஆட் யூசர் டு டேட்டாபேஸ்' என்று இருக்கும். சேர்த்து 'ஆல் பிரிவிலேஜஸ்' டிக் செய்யுங்கள்.

மாதக்கணக்கில் ஓடிய தளத்தில் திடீரென்று வந்தால் இந்த நான்கையும் தொடாதீர்கள். சிபேனலில் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா பாருங்கள், நிரம்பவில்லை என்றால் ஹோஸ்டிங்காரரைக் கூப்பிடுங்கள். டேட்டாபேஸ் சர்வரே படுத்திருக்கலாம்.

இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு, அதுதான் ஆபத்தானது. தளம் இருந்த இடத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் நிறுவல் பக்கம் வருகிறது. இணைப்பு கிடைத்துவிட்டது, ஆனால் வேர்ட்பிரஸ் தன் அட்டவணைகளைக் காணவில்லை என்று பொருள். தளத்தை இடம் மாற்றியபோது அட்டவணை முன்னொட்டு மாறியிருக்கும். பிஎச்பிமைஅட்மினில் அட்டவணைப் பெயர்களின் தொடக்கத்தைப் பார்த்து, 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்பின் 'டேபிள்_பிரிஃபிக்ஸ்' வரியில் அதையே எழுதுங்கள். அந்த நிறுவல் பக்கத்தை மட்டும் நிரப்பிவிடாதீர்கள். பழையதன் பக்கத்தில் புதிய காலித் தளம் ஒன்று முளைத்து, குழப்பம் இரட்டிப்பாகும்.

முகப்பு வருகிறது, பதிவுகளைத் திறந்தால் 404

செட்டிங்ஸ் → பெர்மாலிங்க்ஸ் போய், எதையும் மாற்றாமல் 'சேவ் சேஞ்சஸ்' அழுத்துங்கள். பெரும்பாலும் இவ்வளவுதான். முகவரி விதிகளை வேர்ட்பிரஸ் திரும்ப எழுதிக்கொள்ளும்.

தீரவில்லை என்றால், விதிகளை எழுதிவைக்கும் '.எச்டிஆக்சஸ்' கோப்பு இல்லாமல் போயிருக்கும் அல்லது எழுத அனுமதி இருக்காது. புள்ளியில் தொடங்கும் கோப்புகள் கண்ணுக்குத் தெரியாது. ஃபைல் மேனேஜரின் செட்டிங்ஸில் 'ஷோ ஹிடன் ஃபைல்ஸ்' டிக் செய்தால் தெரியும். கோப்புகளுக்கு 644, போல்டர்களுக்கு 755 என்பதுதான் அனுமதி. எங்காவது 777 போடச் சொன்னால் போடாதீர்கள்; சர்வரில் இருக்கும் யார் வேண்டுமானாலும் எழுதிவிட்டுப் போகலாம் என்று அதற்கு அர்த்தம். சர்வர் மென்பொருள் அப்பாச்சிக்குப் பதில் என்ஜின்எக்ஸ் என்றால் அந்தக் கோப்பை அது படிக்கவே படிக்காது. ஹோஸ்டிங்காரர்தான் சர்வர் அமைப்பில் விதி சேர்க்க வேண்டும்.

தமிழ் எழுத்து கெட்டுத் தெரிகிறது

மூன்று விதமாகக் கெடும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு, அதனால் முதலில் எந்த வகை என்று உற்றுப் பாருங்கள்.

வெறும் கட்டங்கள்: எழுத்துரு இல்லை. தரவு பத்திரமாக இருக்கிறது. தீமின் எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லை, பார்ப்பவர் கருவியிலும் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், காட்டமரன், ஹிந்த் மதுரை போன்றவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைத் தீம் அமைப்பில் சேர்த்தால் போதும். சேர்த்த கையோடு வரி இடைவெளியையும் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த தீம்கள் 1.3, 1.4 என்று வைத்திருக்கும். தமிழில் கீழே இறங்கும் உகரக் குறியும் மேலே ஏறும் இகரக் குறியும் அடுத்த வரியை முட்டும். 1.7 அளவில் வைத்தால் மூச்சு விடும். தலைப்புகளில் தீம் எழுத்து இடைவெளி கொடுத்திருந்தால் அதைப் பூஜ்யமாக்குங்கள்.

கிறுக்கல்: தலையில் சாய்கோடு போட்ட ஒரு ரோமன் எழுத்து, பக்கத்தில் வட்டத்துக்குள் அடைபட்ட ஒரு குறி, மறுபடி அதே எழுத்து, அதே குறி என்று வரிசையாக ஓடும். இது தற்செயல் அல்ல. யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான், இரண்டாவது இரண்டு மதிப்புகளில் ஒன்று. அந்த பைட்களை லத்தீன் என்று நினைத்து வாசித்தால் இந்த வரிசைதான் கிடைக்கும். ஆகத் தரவு இன்னும் உயிரோடு இருக்கிறது, வாசிப்பதுதான் தப்பு. தளத்தை இடம் மாற்றிய பிறகு இப்படி ஆனால், எஸ்க்யூஎல் கோப்பை இம்போர்ட் செய்தபோது எழுத்துத் தொகுதி தவறியிருக்கிறது. புதிய டேட்டாபேஸின் அட்டவணைகளை நீக்கிவிட்டு, இம்போர்ட் பக்கத்தில் கோப்பின் எழுத்துத் தொகுதி யுடிஎஃப்-8 என்று தேர்ந்து மறுபடி ஏற்றுங்கள். 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்பில் 'டிபி_கேர்செட்' மதிப்பு 'யுடிஎஃப்8எம்பி4' என்று இருக்கட்டும். கிறுக்கலைப் பார்த்தபடியே எடிட்டரில் திறந்து 'அப்டேட்' மட்டும் அழுத்திவிடாதீர்கள். அப்போது கிறுக்கலே நிரந்தரத் தரவாகிவிடும்.

கேள்விக்குறிகள்: இதுதான் கெட்ட செய்தி. லத்தீன் அட்டவணைக்குள் தமிழைத் திணிக்கப் போய், அதற்குத் தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை டேட்டாபேஸ் எழுதிவைத்துவிட்டது. பிஎச்பிமைஅட்மினில் பார்த்தாலும் கேள்விக்குறியே இருந்தால் பழைய எழுத்து அங்கே இல்லை. பேக்அப் ஒன்றுதான் கதி. அட்டவணைகளின் கொலேஷன் என்ற எழுத்து அமைப்பை 'யுடிஎஃப்8எம்பி4' வகைக்கு மாற்றிய பிறகு பேக்அப்பை ஏற்றுங்கள், இல்லையென்றால் மறுபடியும் இதேதான்.

பழைய ஆவணத்திலிருந்து, யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். அது வேர்ட்பிரஸின் பழுது அல்ல. யுனிகோடு மாற்றியில் போட்டு எடுத்து ஒட்டுங்கள்.

பதிவின் முகவரி பாதியில் வெட்டுப்படுகிறது

தமிழில் தலைப்பு வைப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இதைச் சந்திப்பார்கள். பதிவின் முகவரித் துண்டுக்கு டேட்டாபேஸில் 200 இடம்தான். ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 22 குறிகளில் இடம் தீர்ந்துவிடுகிறது. 'சர்க்கரைப் பொங்கல் செய்வது எப்படி' என்ற தலைப்பை எண்ணிப் பாருங்கள்: முதல் சொல் 10, இரண்டாவது 7, நடுவில் இரண்டு கோடு. மிச்சம் ஐந்து குறி. முகவரி 'சர்க்கரைப்-பொங்கல்-செய்வ' என்று அந்தரத்தில் நிற்கும்.

பக்கம் திறக்கும், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே மாதிரித் தொடங்கும் இரண்டு தலைப்புகள் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, இரண்டாவதற்கு வாலில் 2 ஒட்டும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளாக நாலு வரிக்கு நீளும். வெளியிடும் முன் எடிட்டரின் வலப்பக்கத்தில் 'ஸ்லக்' பெட்டியில் இரண்டு மூன்று சொல்லில் சுருக்கமாக ரோமன் எழுத்தில் எழுதிவிடுவதே நல்லது. வெளியிட்ட பதிவின் ஸ்லக்கை மாற்றினால் பழைய முகவரியிலிருந்து வேர்ட்பிரஸே திருப்பிவிடும். பக்கங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, அவற்றுக்கு ரீடைரக்ட் நீங்கள்தான் போட வேண்டும்.

'டூ மெனி ரீடைரக்ட்ஸ்'

இரண்டு பேர் ஒருவரிடம் ஒருவர் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். வாசகருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் சேவையை வைத்திருந்தால் முதலில் அதன் எஸ்எஸ்எல் முறையைப் பாருங்கள். 'ஃப்ளெக்சிபிள்' என்றிருந்தால் வாசகரிடம் எச்டிடிபிஎஸ், உங்கள் சர்வரிடம் வெறும் எச்டிடிபி. சர்வர் 'எச்டிடிபிஎஸ்ஸில் வா' என்று திருப்பும், கிளவுட்ஃப்ளேர் மறுபடி எச்டிடிபியில் போகும், முடிவே இல்லை. ஹோஸ்டிங்கில் சான்றிதழ் போட்டுவிட்டு 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' ஆக்குங்கள்.

கிளவுட்ஃப்ளேர் இல்லையென்றால், ஹோஸ்டிங் பேனல் முகவரியின் முன்னால் மூன்று டபிள்யூ சேர்க்கச் சொல்கிறது, வேர்ட்பிரஸ் நீக்கச் சொல்கிறது என்ற சண்டையாக இருக்கும். செட்டிங்ஸ் → ஜெனரலில் உள்ள இரண்டு முகவரிகளும் ஒரே வடிவில் இருக்க வேண்டும். டாஷ்போர்டுக்குள்ளேயே போக முடியவில்லை என்றால், 'டபிள்யூபி_ஹோம்', 'டபிள்யூபி_சைட்யூஆர்எல்' என்ற இரண்டு வரிகளை 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்பில் சரியான முகவரியோடு எழுதலாம். அதன்பின் ஜெனரல் பக்கத்தில் அந்தப் பெட்டிகள் மங்கலாகிப் பூட்டிக்கொள்ளும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

பூட்டுக் குறி வரவில்லை

சான்றிதழ் இருந்தும் 'நாட் செக்யூர்' என்று காட்டினால், பக்கத்துக்குள் ஏதோ ஒரு படம் பழைய எச்டிடிபி முகவரியில் இன்னும் அழைக்கப்படுகிறது. டேட்டாபேஸில் எஸ்க்யூஎல் எழுதி ஒரே வீச்சில் மாற்றிவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். விட்ஜெட், பேஜ் பில்டர் அமைப்புகள் பலவற்றை எழுத்து எண்ணிக்கையோடு சேர்த்துத்தான் சேமித்திருக்கும். 'எஸ்' ஒன்று கூடினால் எண்ணிக்கை பொய்யாகி அந்த அமைப்பு முழுவதும் செல்லாமல் போகும். 'பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்' போன்ற ப்ளக்இன்கள் எண்ணிக்கையையும் திருத்தித்தான் மாற்றும். முதலில் 'டிரை ரன்' டிக்கோடு, அதாவது எதையும் மாற்றாத ஒத்திகையாக ஓட்டுங்கள்.

'ப்ரீஃப்லி அன்அவைலபிள் ஃபார் ஷெட்யூல்ட் மெயின்டனன்ஸ்'

அப்டேட் நடுவில் அறுந்துவிட்டது. பத்து நிமிடம் பொறுத்தால் தானாக நீங்கும். அவசரமென்றால் தளத்தின் முதன்மைப் போல்டரில் புள்ளியோடு தொடங்கும் '.மெயின்டனன்ஸ்' கோப்பை அழியுங்கள். பிறகு அந்த அப்டேட்டைத் திரும்பக் கொடுங்கள்; பாதி மாறிய ப்ளக்இன் அப்படியே கிடக்கக்கூடாது.

பதிவேற்றம் மறுக்கிறது

'அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்' என்ற சொல் செய்தியில் வந்தால் விஷயம் வெளிப்படை. பிஎச்பியின் இயல்பு அளவு 2 எம்பிதான். மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டரில் அதை 64 எம்பி ஆக்கி, 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். தீம் ஏற்றும்போது 'தி லிங்க் யூ ஃபாலோட் ஹேஸ் எக்ஸ்பையர்ட்' என்று வருவதும் இதே அளவுப் பிரச்சினைதான். லிங்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, செய்திதான் திசை திருப்புகிறது.

'ஸ்டைல் டாட் சிஎஸ்எஸ்' இல்லை என்று தீம் மறுத்தால், வாங்கிய முழுப் பொதியை ஏற்றியிருக்கிறீர்கள். ஜிப்பைப் பிரியுங்கள், உள்ளே கையேடு, உரிமம் இவற்றோடு இன்னொரு சின்ன ஜிப் இருக்கும். ஏற்ற வேண்டியது அது.

படம் 100 சதவீதம் ஏறிய பிறகு 'போஸ்ட்-ப்ராசசிங்' தோல்வி என்றால் கோப்பின் எடை காரணம் அல்ல, நீள அகலம். போனில் எடுத்த 4000 × 3000 படம் ஜேபெக்காக 3 எம்பிதான் இருக்கும். சர்வர் அதை விரிக்கும்போது ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்பி ஆகிறது. அதிலிருந்து ஐந்தாறு அளவுகளை வெட்ட வேண்டும். ஏற்றும் முன்பே அகலத்தை 2000 பிக்சலுக்குள் குறைத்துவிடுங்கள்.

எடிட்டரில் 'நாட் எ வேலிட் ஜேசான் ரெஸ்பான்ஸ்'

பிளாக் எடிட்டர் பதிவைச் சேமிக்க ரெஸ்ட் ஏபிஐ என்ற பின்வாசல் வழியாகப் போகிறது. அந்த வாசல் அடைபட்டிருக்கிறது. எழுதியதை முதலில் நோட்பேடில் காப்பி செய்து வையுங்கள். பெர்மாலிங்க்ஸைச் சேமியுங்கள், ஜெனரல் பக்கத்து முகவரிகள் எச்டிடிபிஎஸ் ஆக உள்ளனவா பாருங்கள், பாதுகாப்பு ப்ளக்இன்னை நிறுத்திப் பாருங்கள். டூல்ஸ் → சைட் ஹெல்த் பக்கம் ரெஸ்ட் ஏபிஐ பற்றி என்ன சொல்கிறது என்று படியுங்கள். குறிப்பிட்ட ஒரு பதிவு மட்டும், அதுவும் நிரல் துண்டு உள்ள பதிவு மட்டும் மறுத்தால், சர்வரின் மாட்செக்யூரிட்டி என்ற காவல் மென்பொருள் அதைத் தாக்குதல் என்று நினைக்கிறது. ஹோஸ்டிங்காரரிடம் அந்த விதி எண்ணை விலக்கச் சொல்லுங்கள்.

மாற்றியது தெரியவில்லை, கூகுளில் வரவில்லை, நேரத்துக்கு வெளிவரவில்லை

செய்த மாற்றம் உங்களுக்குத் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்றால் காரணம் கேஷ், அதாவது வேகத்துக்காகச் சேமித்துவைத்த பழைய நகல். நீங்கள் லாகின் செய்திருப்பதால் கேஷைத் தாண்டிப் பார்க்கிறீர்கள். கேஷ் ப்ளக்இன், ஹோஸ்டிங் கேஷ், கிளவுட்ஃப்ளேர் என்று உள்ளிருந்து வெளியே வரிசையாகத் துடையுங்கள். வரிசையை மாற்றித் துடைத்தால் வெளியே உள்ளது பழையதையே மறுபடி எடுத்துக்கொள்ளும்.

கூகுளில் தளமே இல்லை என்றால் செட்டிங்ஸ் → ரீடிங் பக்கத்தின் அடியில் 'டிஸ்கரேஜ் சர்ச் இன்ஜின்ஸ்' டிக் இருக்கிறதா பாருங்கள். கட்டும்போது போட்டுவிட்டு எடுக்க மறப்பது.

காலை 6 மணிக்கு அட்டவணையிட்ட பதிவு 11.30க்கு வெளிவந்தால் நேர மண்டலம் இன்னும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. ஜெனரலில் கொல்கத்தா அல்லது கொழும்பு என்று தேர்ந்தெடுங்கள். 'மிஸ்ட் ஷெட்யூல்' என்று நின்றுவிட்டால், வேர்ட்பிரஸின் கடிகாரம் யாராவது தளத்தைத் திறந்தால்தான் ஓடும் என்பதுதான் காரணம். கூட்டம் இல்லாத தளத்தில், அல்லது எல்லோருக்கும் கேஷ் பக்கமே போகும் தளத்தில், அது தூங்கிவிடும். நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் சிபேனலின் கிரான் ஜாப்ஸில் 'டபிள்யூபி-கிரான்' கோப்பைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்க வையுங்கள்.

தொடர்புப் படிவம் 'அனுப்பியாயிற்று' என்கிறது, கடிதம் வரவில்லை

வேர்ட்பிரஸ் இயல்பாக பிஎச்பியின் மெயில் ஃபங்க்‌ஷனிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கைகழுவிவிடும். பெறும் பக்கம், இந்த சர்வருக்கு இந்த டொமைன் பெயரில் அனுப்ப உரிமை உண்டா என்று கேட்கும். பதில் 'இல்லை' என்றால் ஸ்பாம் அல்லது குப்பை. மின்னஞ்சல் கணக்கின் வழியாகவே கடிதம் அனுப்பும் எஸ்எம்டிபி ப்ளக்இன் ஒன்று நிறுவி, உங்கள் டொமைனின் உண்மையான மின்னஞ்சல் கணக்கைக் கொடுங்கள்: போர்ட் 587 என்றால் டிஎல்எஸ், 465 என்றால் எஸ்எஸ்எல். ஜிமெயில் என்றால் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும்.

படிவத்தின் 'ஃப்ரம்' பெட்டியில் வாசகரின் முகவரியை வைத்திருந்தால் அதை உடனே மாற்றுங்கள். அவருடைய ஜிமெயில் பெயரில் உங்கள் சர்வர் கடிதம் போடுவது ஆள்மாறாட்டம். 'ஃப்ரம்' உங்கள் டொமைன், 'ரிப்ளை-டு' வாசகர் முகவரி. டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில், எந்த சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரி ('வி=எஸ்பிஎஃப்1' என்று தொடங்கும் டெக்ஸ்ட் வரி) ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். ஹோஸ்டிங்குக்கு ஒன்று, மின்னஞ்சல் சேவைக்கு ஒன்று என்று இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் ஒரே வரியாக இணைத்து, பழைய வரியை நீக்கி, ப்ளக்இன்னின் சோதனைக் கடிதத்தை ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்புங்கள். வந்த கடிதத்தில் 'ஷோ ஒரிஜினல்' திறந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அனுப்புநர் சோதனைகளுக்கும் பக்கத்தில் 'பாஸ்' என்று இருக்க வேண்டும்.